கழுத்தில் அட்டை, கையில் சில்லறைப் புகழ்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் பிரியாணிக்கு வரிசையில் நின்றோம். நானும், எங்கள் அலுவலகத்தில் கொள்முதல் பிரிவில் இருக்கும் அண்ணன் ஒருவரும். முன்னால் நின்ற அம்மா திரும்பினார். அண்ணனின் முகத்தைப் பார்த்தார், கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார், மறுபடியும் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க அந்த லிஃப்ட்டு தம்பிதானே?"

அண்ணனுக்கு 47 வயது. "ஆமாங்கம்மா" என்றார் கூச்சத்தோடு.

"ஒரு தடவ சொல்லுங்களேன்."

வரிசையே திரும்பிப் பார்க்க, அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ரயில் நிலைய அறிவிப்புக் குரலில் சொன்னார்: "கதவு மூடுது... மூடுது... மூடிருச்சு."

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கடைக்காரர் அண்ணனின் தட்டில் கூடுதலாக ஒரு முட்டை வைத்தார். இரண்டு ஆண்டு உழைப்புக்கு அன்று கையில் கிடைத்த வருமானம் அந்த முட்டைதான்.

அவர் செய்வது இதுதான். வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில், கசங்கிய அலுவலகச் சட்டையும் கழுத்து அட்டையுமாக ஏதாவது ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கியில் ஏறுவார். கதவு மூட எத்தனை விநாடி, எந்த மாடிப் பொத்தானில் எண் தேய்ந்துவிட்டது, கண்ணாடி இருக்கிறதா, மூன்றாம் மாடி மீன் குழம்பு எத்தனையாவது மாடி வரைக்கும் கூடவே ஏறி வருகிறது என்று கணக்குப் பிள்ளை போல ஒப்பித்து, கடைசியில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார். கைப்பேசியில் எடுத்து இணையத்தில் போடும் அந்தக் காணொளி மொத்தம் 40 விநாடி. பத்துக்குப் பத்து இதுவரை எந்த மின்தூக்கியும் வாங்கவில்லை. ஈசூனில் ஒன்று எட்டரை வாங்கியது. அதற்கே அந்தப் பேட்டைக்காரர்கள் லட்டு விநியோகிக்காத குறை.

அலுவலகத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரே கேள்விதான். "நம்ம பக்கத்து மேசையில உக்காந்து கொட்டேஷன் பாக்குற மனுஷன். இவருக்கா இவ்வளவு பேரு?" கேட்பவர்கள் குறையாகக் கேட்கிறார்கள். எனக்கென்னவோ, கேள்விக்குள்ளேயே பதில் இருப்பதாகத் தோன்றுகிறது. அவரைப் பிரபலமாக்கியது மின்தூக்கி அல்ல, அந்த மேசை.

மதிய நேரத்தில் ராஃபிள்ஸ் பிளேசிலோ தஞ்சோங் பகாரிலோ நின்று பாருங்கள். ஆயிரக்கணக்கான கழுத்துகளில் நாடாவும் அட்டையும். உணவங்காடியில் இடம் பிடிக்க டிஷ்யூ பாக்கெட் வைப்பது ஊரறிந்த வழக்கம். டிஷ்யூ இல்லாதவர்கள் அலுவலக அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். யாரும் எடுக்க மாட்டார்கள். ஆளுக்குப் பதிலாக அட்டையே உட்கார்ந்திருக்கும். அந்த அட்டையைப் பார்த்ததும் இவர் ஒழுங்கான ஆள், நேரத்துக்கு வருவார், மத்திய சேமநிதி கட்டுகிறார், விசித்திரமாக எதுவும் செய்ய மாட்டார் என்று ஊரே முடிவு செய்துவிடுகிறது. அப்படிப்பட்ட ஒருவர் மின்தூக்கிக்குள் நின்று கதவுக்கு நேர்முக வர்ணனை கொடுத்தால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? இதையே ஒரு நகைச்சுவை நடிகர் செய்தால் அது அவருடைய தொழில். கல்லூரி மாணவர் செய்தால் விடலைத்தனம். கொள்முதல் பிரிவு அண்ணன் செய்யும்போது மட்டும்தான் அது நிகழ்ச்சி.

உலகம் முழுக்க இந்த வகைப் புகழின் கதைகளை எடுத்துப் பார்த்தால் நடுவில் ஒரு மேசையோ நாற்காலியோ கிடக்கும். எனக்கு மிகவும் பிடித்தது கை கோமா (Guy Goma) என்பவரின் கதை. 2006 மே 8 அன்று லண்டனில் பிபிசி அலுவலகத்துக்கு வேலை நேர்காணலுக்காக வந்து வரவேற்பறையில் காத்திருந்தார். காங்கோவின் பிராசவில் நகரைச் சேர்ந்தவர். விண்ணப்பித்திருந்தது தரவுகளைச் சரிபார்த்துச் சீர்செய்யும் கணினி வேலைக்கு. அதே நேரத்தில் கை கியூனி என்ற தொழில்நுட்பப் பத்திரிகையாளர் நேரலைப் பேட்டிக்காக வேறொரு வரவேற்பறையில் காத்திருந்தார். பெயரில் பாதி ஒன்று. அழைக்க வந்தவர் ஆள் மாறிக் கூட்டிப்போனார். கோமாவை நாற்காலியில் உட்காரவைத்து, ஒலிவாங்கி மாட்டி, ஆப்பிள் கணினி நிறுவனத்துக்கும் பீட்டில்ஸ் குழுவின் ஆப்பிள் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கின் தீர்ப்பைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள். நடந்தது புரிந்த நொடியில் அவர் முகம் போன போக்கை இன்றும் மக்கள் தேடிப் பார்க்கிறார்கள். அதைவிட எனக்கு முக்கியம் அடுத்து அவர் செய்தது. எழுந்து ஓடவில்லை, உளறவில்லை. நேர்காணலுக்கு வந்தவரின் பணிவோடு, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். உலகம் சிரித்தது அவருடைய அசட்டுத்தனத்துக்கு அல்ல, அவருடைய கடமையுணர்வுக்கு. கடைசி வரை அந்த வேலை மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை.

டேனியல் பூர்ஸ்டின் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1960களின் தொடக்கத்தில் ஒன்று சொன்னார்: பிரபலம் என்பவர் பிரபலமாக இருப்பதாலேயே பிரபலமானவர். திரை நட்சத்திரங்களுக்கும் தொலைக்காட்சி முகங்களுக்கும் அது பொருந்தலாம். நம் அண்ணன் வகைக்குப் பொருந்தாது. இவர்களைப் பற்றிய வியப்பே, நேற்று வரை யாருக்கும் தெரியாதவர் என்பதில்தான் இருக்கிறது. நாளையும் காலை எட்டரைக்கு அட்டையைத் தட்டிவிட்டு உள்ளே போவார் என்பதும் அதில் சேர்த்தி. பெரிய புகழ் ஆளை உயரத்தில் தூக்கி வைக்கும். இது சில்லறைப் புகழ். நூறு வெள்ளி நோட்டு போலப் பையில் பத்திரமாக இருக்காது. கோப்பிக்கடையில், பேருந்தில், பிரியாணி வரிசையில் கையோடு கை மாறும்.

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இது புதிதும் அல்ல. கைப்பேசி வருவதற்கு வெகு முன்பே நம்மிடம் இந்த வகை ஆட்கள் இருந்தார்கள். 1960களின் இறுதியில் பி. கிருஷ்ணன் எழுதிய 'அடுக்கு வீட்டு அண்ணாசாமி' வானொலி நாடகம் 52 வாரங்கள் ஓடியது. கம்பம் எனப்படும் கிராமத்து வீடுகளிலிருந்து அடுக்குமாடிக்கு மாறிக்கொண்டிருந்த மக்களின் அன்றாட அவதிதான் கதை. அந்தக் கால வானொலி நாடகங்களில் குரல் கொடுத்தவர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்த்தவர்கள். முகம் தெரியாது, குரல் மட்டும் தெரியும். கடையில் வாயைத் திறந்தால்தான் மாட்டிக்கொள்வார்கள்.

அதன் பிறகு சமூக மன்றங்கள். ஒவ்வொரு மன்றத்திலும் இந்திய நற்பணிச் செயற்குழு, ஆண்டுதோறும் பொங்கல் விழா, தீபாவளி விழா, ஒரு பட்டிமன்றம். "சம்பளம் உயர்ந்ததும் நிம்மதி குறைந்ததா?" என்ற தலைப்பில் வெளுத்து வாங்குகிறவர் காலையில் ஏதோ ஒரு வங்கியின் பின்னறையில் காசோலையைச் சரிபார்த்தவராக இருப்பார். அறிவிப்பாளர் பொறியாளராக இருப்பார். செங்காங்கில் அவர் நட்சத்திரம். இரண்டு ரயில் நிலையம் தள்ளிப் போனால் யாரோ ஒரு பயணி. புகழுக்கு வட்டார எல்லை இருந்தது, அது ஒரு பாதுகாப்பும்கூட.

ஆனால் அலுவலகக்காரர்களின் உண்மையான மேடை நிறுவனங்களின் டின்னர் அண்ட் டான்ஸ். வெளியூரில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது கொஞ்சம் கஷ்டம். ஆண்டுக்கு ஓர் இரவு, ஹோட்டல் மண்டபம், பத்துப் பேர் உட்காரும் வட்ட மேசைகள், எட்டு வகைச் சீன விருந்து, அதிர்ஷ்டக் குலுக்கலில் தொலைக்காட்சிப் பெட்டி. போன முறை எங்கள் தலைப்பு பாலிவுட்; கணக்குப் பிரிவுச் சீன அக்காமார் எல்லாரும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார்கள். ஆண்டு முழுக்க வாயே திறக்காத சரக்குக்கிடங்கு மேற்பார்வையாளர் அன்று மேடை ஏறி ஆடுவார். மறுநாளிலிருந்து அவருக்கு ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும், ஓய்வு பெறும் வரை போகாது. கைப்பேசியும் காணொளியும் இதில் செய்த மாற்றம் ஒன்றுதான். மண்டபத்தின் கதவைத் திறந்துவிட்டன. முன்பு முந்நூறு பேர் பார்த்ததை இன்று மூன்று லட்சம் பேர் பார்க்கலாம்.

சரி, மின்தூக்கி ஏன்? அண்ணனைக் கேட்டால் "சும்மா தோணுச்சு" என்பார். நான் அதை நம்பவில்லை. இந்த ஊரில் வசிப்பவர்களில் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் வீவக வீடுகளில் இருக்கிறார்கள். 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு என்று வரம்பு உண்டு. ஆக, சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் கைக்கெட்டும் தூரத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், மாடி எண்ணையே பார்த்தபடி நிற்கும் இடம் அது. பழைய புளோக்குகளில் முன்பு எல்லா மாடியிலும் மின்தூக்கி நிற்காது. நடுவில் எங்கேயோ இறங்கி, அரிசி மூட்டையோடு படியேறிய பாட்டிகளின் கதை வீட்டுக்கு ஒன்று இருக்கும். 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம்தான் பல புளோக்குகளில் அதற்கு முடிவு கட்டியது. அதற்கும் முன்னால், 1980களில், மின்தூக்கிக்குள் சிறுநீர் கழிப்பவர்களைப் பிடிக்க ஒரு கருவி வைத்தார்கள். ஈரம் பட்டால் மணி அடிக்கும், கதவு திறக்காது, ஆள் உள்ளேயே சிக்கிக்கொள்வார். பிடிபட்டவர்களின் படம் செய்தித்தாளில் வந்த காலமும் உண்டு. மின்தூக்கியால் பேர் வாங்கிய முதல் சிங்கப்பூரர் நம் அண்ணன் அல்ல என்பதை அவர் முன்னிலையிலேயே நான் சொல்லியிருக்கிறேன்.

இப்படிப்பட்ட இடத்தைப் பற்றிப் பேசினால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஆனால் வேடிக்கை என்னவென்றால், அவரைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இங்கே இல்லை. கணக்கு எளிது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்க் குடியிருப்பாளர்கள் 40 லட்சத்துச் சொச்சம். அவர்களில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், கைக்குழந்தைகளை விட்டுவிட்டு. வேலை அனுமதியில் வந்திருக்கும் தமிழக ஊழியர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். அவர்களையும் சேர்த்தால் கூட்டம் பெருகும், ஆனாலும் சின்னக் கூட்டம்தான். அண்ணனின் பார்வையாளர் பட்டியலில் முதலிடம் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம். அப்புறம் மலேசியாவின் ஜோகூர், கிள்ளான். அதற்குப் பிறகுதான் சிங்கப்பூர். 2020 ஜூன் இறுதியில் இந்தியா டிக்டாக்கைத் தடை செய்தது. யூடியூப் தன் குறுங்காணொளிகளை அந்த ஆண்டு செப்டம்பரில் முதலில் இந்தியாவில்தான் சோதித்துப் பார்த்தது. தமிழகப் பார்வையாளர்கள் அங்கே குடிபெயர்ந்ததை அண்ணன் தாமதமாகத்தான் கண்டுகொண்டார்.

ஒரே காணொளியை இரண்டு ஊர்க்காரர்கள் இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். புதுக்கோட்டைக்காரருக்கு அது வெளிநாட்டு வாழ்க்கை. "அண்ணே, லிஃப்ட்டுக்குள்ள ஏசி இருக்கா?" என்று கேட்கிறார். மகன் துவாஸ் பக்கம் வேலை பார்க்கிறான், அவன் ஏறி இறங்கும் உலகம் எப்படியிருக்கும் என்று பார்க்க இதைவிட நெருக்கமான சன்னல் அவருக்கு இல்லை. உட்லண்ட்ஸ்காரருக்கோ அது தன் வீட்டு வாசல். "எங்க புளோக்குக்கு அஞ்சரையா? அநியாயம் லா" என்று சண்டைக்கு வருகிறார். கழுத்து அட்டையும் இரண்டு விதமாகத்தான் தெரிகிறது. அங்கே அது சாதனை. இங்கே அது சலிப்பு.

1956இலேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், தொலைக்காட்சியில் தினம் தோன்றுகிறவரைப் பார்ப்பவர்கள் பழகிய ஆளாகவே நினைக்கத் தொடங்குவதைப் பற்றி எழுதிவிட்டார்கள். உறவு ஒருவழிதான், ஆனால் உணர்வு உண்மை. அவர்கள் எழுதியது பெரிய நாட்டைப் பற்றி. அங்கே அந்த முகத்தை நேரில் பார்க்க வாய்ப்பே இல்லை. சிங்கப்பூரில் ஒருவழி உறவு சாயங்காலமே இருவழி ஆகிவிடும், வடகிழக்கு ரயில் பாதையில் எதிர் இருக்கையில் உட்கார்ந்திருப்பார். தமிழர் வட்டத்தில் கேட்கவே வேண்டாம். பெயர் சொன்னால் இரண்டாவது கேள்வியிலேயே "எந்த புளோக்கு?" என்று வந்துவிடும். அதனால்தான் இங்கே சில்லறைப் புகழ் பெற்றவர்கள் பெரும்பாலும் மரியாதையாகவே இருக்கிறார்கள். யாரையும் முறைத்துக்கொண்டு போக முடியாது. நாளைக்கு அவர் மாமியார் உங்கள் மாமியாரோடு கோயிலில் உட்கார்ந்திருப்பார்.

வீவக வாழ்க்கையை விட்டுப் பெரிய மேடைக்குப் போனாலும் சிங்கப்பூரில் இந்தச் சூத்திரம் மாறுவதில்லை. 2020 பொதுத் தேர்தலின்போது ஜூலை 1 அன்று நடந்த தொலைக்காட்சி விவாதத்தில் பொருளியல் பேராசிரியர் ஜேமஸ் லிம் ஒரு பழைய ஆங்கிலச் சொற்றொடரைச் சொல்லிவைத்தார். இதயம் கதகதப்பாகிறது என்ற பொருள். ஆனால் அதில் வரும் ஒரு சொல் சார் குவே தியாவ் என்ற வறுத்த நூடுல்ஸில் போடும் சிப்பியையும் குறிக்கும். விடிவதற்குள் ஊரெல்லாம் சிப்பிப் படங்கள். டிக்டாக்கின் தலைமை நிர்வாகி, சிங்கப்பூரரான சியூ ஷோ ஸி, 2024 ஜனவரியில் அமெரிக்க செனட் விசாரணையில் திரும்பத் திரும்ப "நான் சிங்கப்பூரர்" என்று பொறுமையாகச் சொன்னது இன்னொன்று. இருவரும் சாதாரண அலுவலர்கள் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மக்களுக்குப் பிடித்தது அதே குணம்தான்: கோட்டுப் போட்ட ஆள், நிலைமை கோணலாகப் போகும்போதும் அலுவலக முகத்தை விடாமல் வைத்திருப்பது.

இனி கசப்பான பக்கம். சிரிப்பு எப்போது அன்பு, எப்போது இளக்காரம் என்பதற்குக் கோடு கிழிப்பது கஷ்டம். 2004இல் வில்லியம் ஹங் என்ற பெர்க்லி பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் அமெரிக்கப் பாட்டுப் போட்டியின் தேர்வுச் சுற்றில் சுதி தப்பப் பாடி உலகப் பிரபலமானார். கூட இருந்து சிரித்தவர்களும் உண்டு. அவர் முகத்தையும் உச்சரிப்பையும் பார்த்து, ஆசியர் என்பதற்காகவே சிரித்தவர்களும் உண்டு. படிப்பை விட்டுப் பாட வந்த அவர், 2011இல் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரக் காவல்துறையில் குற்றத் தரவு ஆய்வாளராகச் சேர்ந்தார். மேசையிலிருந்து புகழுக்குப் போகிறவர்கள் கதையே கேட்டுப் பழகிய நமக்கு, புகழிலிருந்து மேசைக்குப் போனவர் அவர்.

சிறுபான்மையாக இருக்கும் தமிழர்களுக்கு இந்தக் கோடு இன்னும் மெல்லியது. தலையை ஆட்டி, நாக்கை மடித்துப் பேசினால் அதுவே நகைச்சுவை என்று நினைத்தவர்களோடு பள்ளியில் படித்தவர்கள் நாங்கள். 2019 ஜூலையில் ஒரு மின்னணுக் கட்டணச் சேவை விளம்பரத்தில் சீன நடிகர் ஒருவர் முகத்தில் கருமை பூசிக்கொண்டு இந்தியராக வந்தார். வேடம் என்ன தெரியுமா? சட்டை போட்ட அலுவலக ஊழியர், 'கே. முத்துசாமி' என்ற பெயர் அட்டையோடு. அந்தப் பெயரையே தலைப்பாக்கி இந்திய இளம் கலைஞர்களான அண்ணன் தங்கை இருவர் கோபமாக ஒரு சொல்லிசைப் பாட்டு வெளியிட்டார்கள். விளம்பரம் மீட்டுக்கொள்ளப்பட்டது, அவர்களுக்கோ காவல்துறையின் நிபந்தனையுடனான எச்சரிக்கை கிடைத்தது. அண்ணனின் காணொளியை நான் முதன்முதலில் பார்த்தபோது, சிரிப்பதற்கு முன் ஒரு நொடி எனக்கு அந்த அட்டைதான் நினைவுக்கு வந்தது. வித்தியாசம் இதுதான்: இவருடைய அட்டையில் இருப்பது இவருடைய பெயர். உச்சரிப்பை வைத்து ஒரு சிரிப்புகூட இவர் வாங்கியதில்லை. மின்தூக்கிதான் கேலிக்கு ஆளாகிறதே தவிர, மனிதர்கள் அல்ல.

பணம்? எல்லாரும் கேட்பது இதைத்தான், ஆனால் இதில் சொல்ல அதிகமில்லை. யூடியூபின் விளம்பர வருமானத்தில் முழுப் பங்கு வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். கூடவே ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையோ, 90 நாளில் குறுங்காணொளிகளுக்கு ஒரு கோடிப் பார்வையோ வேண்டும். அதைத் தாண்டினாலும் குறுங்காணொளியில் வருவது கோப்பிக் காசு. கடைக்காரர்கள் இலவசமாகக் கொடுப்பதுதான் அதிகம். அதுவும் சும்மா அல்ல: விளம்பரத்துக்குக் கைம்மாறாகக் கிடைக்கும் பொருளும் வருமானம்தான் என்று வரித்துறை சொல்கிறது. முட்டைக்கு வரி கட்ட வேண்டுமா என்று அண்ணன் என்னைக் கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார் என்று நம்புகிறேன்.

அண்ணன் குடிமகன், அவருக்கு இது வெறும் கணக்கு. வெளிநாட்டிலிருந்து வந்து எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருக்கும் தம்பிமார்களுக்கு இது வேறு. அனுமதியில் எந்த முதலாளியின் பெயர் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். எங்கள் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் கும்பகோணத்துத் தம்பி ஒருவர் அலுவலக பேன்ட்ரியில் நின்று மூவொரு (த்ரீ-இன்-ஒன்) கோப்பித் தூள்களை ஆற்றி ஒப்பிடும் காணொளிகள் போட்டுவந்தார். நன்றாகவே ஓடியது. ஒரு கடை காசு கொடுக்க முன்வந்ததும் பயந்துபோய் எல்லாவற்றையும் நீக்கிவிட்டார். அட்டைதான் அவருக்கும் முதல். ஆனால் அந்த அட்டைக்குப் பின்னால் இன்னொரு அட்டை, மனிதவள அமைச்சு கொடுத்தது, இருக்கிறது.

காசு வாசனை வந்தாலே பார்ப்பவர்களின் கண்ணும் மாறிவிடும். நம் ஆட்கள் 'கண்ணுபட்டுடும்' என்பதைச் சும்மா சொல்லவில்லை. நம்மில் ஒருவர் என்று நினைக்கும் வரைதான் அன்பு. நம்மைவிட ஒரு படி மேலே போய்விட்டார் என்று தெரிந்தால் தோண்ட ஆரம்பிப்பார்கள். 2016 அக்டோபரில் அமெரிக்க அதிபர் வேட்பாளர்கள் விவாதத்தில் சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக் கேள்வி கேட்ட மின்நிலைய ஊழியர் கென் போனை ஒரே இரவில் கொண்டாடியவர்கள், அதே வாரத்தில் அவர் எப்போதோ இணையத்தில் எழுதியதையெல்லாம் தோண்டி எடுத்தார்கள். சிங்கப்பூரில் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014இல் வந்தது. ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கில் அவருடைய முகவரி, வேலையிடம் போன்றவற்றை அம்பலப்படுத்துவதும் 2020 தொடக்கத்திலிருந்து குற்றம். சட்டம் இருக்கிறது என்பது வேறு. "இந்தாளு வேலை நேரத்துலதான் வீடியோ எடுக்குறாரு" என்று யாரோ எங்கள் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியது வேறு.

அந்த மின்னஞ்சலுக்குப் பிறகு அண்ணன் மனிதவளப் பிரிவுக்குக் கூப்பிடப்பட்டார். கத்தவில்லை, மிரட்டவில்லை. இரண்டு பேர், ஒரு தட்டில் பிஸ்கட். காணொளிகள் எடுத்தது மாலை ஆறரைக்குப் பிறகு என்று அவரே நேரத்தோடு காட்டினார். அப்படியானால் பிரச்சினை நேரமில்லை, அட்டையில் தெரியும் நிறுவனத்தின் சின்னம் என்றார்கள். "அட்டையக் கழட்டிட்டு எடுங்க, எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல."

கழற்றினார். அதோடு, எடுப்பதுதான் எடுக்கிறோம், நன்றாக எடுப்போம் என்று மருமகனிடம் நல்ல கேமரா கடன் வாங்கினார். சனிக்கிழமை காலை, டி-ஷர்ட், தொப்பி, சட்டையில் குத்திய சிறு ஒலிவாங்கி. பொங்கோலில் புத்தம்புதிய புளோக், கண்ணாடி போல மின்னும் மின்தூக்கி. வெளிச்சம் பிரமாதம், குரல் தெளிவு. "கதவு மூடுது" என்று சொன்ன இடத்தில் ஒரு இசைத் துணுக்குகூடச் சேர்த்திருந்தார். யாரும் சீண்டவில்லை. புதுக்கோட்டைக்காரர் ஒருவர் மட்டும் கேட்டார்: "அண்ணே, வேலைய விட்டுட்டீங்களா?"

மூன்று வாரம் அப்படியே போட்டுப் பார்த்தார். நான்காவது வாரம் அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, வெள்ளை முதுகு தெரியும்படி, கசங்கிய சட்டையோடு தோ பாயோவில் ஒரு பழைய மின்தூக்கியில் ஏறினார். பொத்தான் இரண்டு முறை அழுத்தியும் எரியவில்லை. நாலரை மதிப்பெண். பார்வையாளர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்.

நிறுவனமும் மனம் மாறியது. புதிய ஊழியர்களுக்கான அறிமுகப் பயிற்சியில் மின்தூக்கிப் பாதுகாப்பு பற்றி ஒரு காணொளி வேண்டுமாம். "நீங்களே பண்ணிடுங்களேன், உங்களுக்குத்தான் கை வந்த கலையாச்சே" என்று அதே மனிதவளப் பிரிவு கேட்டது. இந்த முறை அட்டை நேராகத் தொங்க வேண்டும், சின்னம் தெளிவாகத் தெரிய வேண்டும். வசனம் ஆங்கிலத்தில் எழுதி, சட்டப் பிரிவு பார்த்து ஒப்புதல் கொடுத்தது. நான்கு முறை எடுத்தார்கள். "கதவு மூடுது" என்பதற்குப் பதிலாக, கதவு மூடும்போது கைகளை உள்ளே வைத்திருக்கவும் என்று ஒரு நீளமான வாக்கியம். அண்ணன் ஒரு சொல் தவறாமல் படித்தார்.

புதிதாகச் சேருகிறவர்கள் அதை இரட்டை வேகத்தில் ஓட்டுகிறார்கள்.